மச்சானின் 50ஆவது பிறந்தநாளுக்கு எந்த ரம் பானம்?

அடுத்த சனிக்கிழமை என் மச்சானுக்கு 50 வயது நிறைகிறது. விருந்து கோலாலம்பூர் செந்தூலில், எங்கள் வீட்டில். சென்ற மாதமே அழைத்துச் சொல்லிவிட்டார்: "மாப்பிள்ளை, வருடா வருடம் அதே விஸ்கி, அதே பீர். இந்த முறை பழச்சாறு சேர்த்து ரம்மில் ஏதாவது செய்து கொடுங்கள். எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்."

விருந்தினர் வாயில் வைக்கப்போகும் எதையும் முன்கூட்டிச் செய்து பார்க்காமல் நான் பரிமாறுவதில்லை. எனவே மூன்று வார இறுதிகளில் நான்கு பானங்களைச் செய்து, நானும் மனைவியும் ஆளுக்குப் பாதிக் குவளை சுவைத்து, குறித்துவைத்தேன். பினா கொலாடா, மாம்பழ டைக்கிரி, ஜங்கிள் பேர்ட், பஞ்ச். நான்கிலும் ரம் உண்டு, பழம் உண்டு, பனிக்கட்டி உண்டு. ஆனால் வீட்டில், நம் ஊர் வெயிலில், ஆட்டிறைச்சி வறுவலுக்கும் நெய்ச் சோற்றுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நான்கும் நான்கு விதம்.

வரப்போவது 12 பேர். அவர்களில் 7 பேர்தான் குடிப்பவர்கள். என் அலுவலக நண்பர்கள் இருவர் முஸ்லிம்கள். மாமியார் தொடமாட்டார். இதைச் சொல்லக் காரணம் உண்டு. எந்தப் பானம் நன்றாக இருக்கிறது என்பது பாதிக் கேள்விதான். குடிக்காத ஐந்து பேரும் வெறும் தண்ணீரோடு உட்கார்ந்திருக்காமல் அதே விருந்தில் அதே மகிழ்ச்சியோடு இருக்க எது வழி செய்கிறது என்பது மற்றப் பாதி.

முதலில் ரம்மைப் பற்றிச் சுருக்கமாக. கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்த பின் எஞ்சும் கரும்பாகைப் புளிக்கவைத்து வடிப்பதே பெரும்பாலான ரம். வெள்ளை ரம் இலேசானது, பழத்தின் வாசனைக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். கறுப்பு ரம்மில் வெல்லம் கருகிய மணம் இருக்கும், பழத்தோடு போட்டிபோடும். டைக்கிரிக்கும் பினா கொலாடாவுக்கும் வெள்ளை, மற்ற இரண்டுக்கும் கறுப்பு என்பது பொதுவான வழக்கம். நம் வீடுகளில் பலர் வைத்திருக்கும் இந்திய ரம்மான ஓல்ட் மங்க் கறுப்பு வகை. வனிலா மணமும் இனிப்பும் தூக்கலாக இருக்கும். அதைப் பயன்படுத்தினால் சர்க்கரைப் பாகைக் கால் பங்கு குறைத்துவிடுங்கள், மற்றபடி குறை ஒன்றுமில்லை.

பாட்டிலை எங்கே வாங்குகிறோம் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். மலேசியாவில் மதுவுக்கு வரி அதிகம். அதனால் மலிவாக ஒன்று கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் ஆசை வரும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்துபோனார்கள். தோட்டப்புறங்களில் சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை தமிழ்க் குடும்பங்களைக் குலைத்தது என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். உரிமம் பெற்ற கடை, உடையாத முத்திரை, ரசீது. இவை இல்லாத பாட்டில் இலவசமாக வந்தாலும் என் வீட்டு வாசற்படி ஏறாது.

இனி பானங்கள்.

பினா கொலாடாவில்தான் தொடங்கினேன். தேங்காயும் அன்னாசியும் நம் ஊர்ச் சரக்கு, தோற்க வழியில்லை என்று நினைத்தேன். 1978இல் புவேர்ட்டோ ரிக்கோ தன் தேசியப் பானமாக அறிவித்துக்கொண்டது இதைத்தான். சந்தையில் அப்போதே பிழிந்த தேங்காய்ப்பால் வாங்கி வந்து, அன்னாசிச் சாறு, வெள்ளை ரம், சர்க்கரைப் பாகு சேர்த்துப் பனிக்கட்டியோடு குலுக்கினேன். ஊற்றும்போது அழகாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடத்தில் குவளையின் உட்புறமெங்கும் மணல் ஒட்டியதுபோல் வெள்ளைத் துணுக்குகள். ஒரு வாய் குடித்தால் உதட்டில் மெழுகு படிந்தது. பால் திரிந்துவிட்டது என்றே மனைவி நினைத்தாள். திரியவில்லை. தேங்காய்க் கொழுப்பு சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். நம் சமையலறையில் அது எப்போதும் இளகியே இருப்பதால் இந்தக் குணத்தை நாம் கண்ணால் பார்ப்பதில்லை. பனிக்கட்டி பட்டதும் அது தன் வேலையைக் காட்டிவிட்டது.

புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள் பயன்படுத்துவது நம் தேங்காய்ப்பால் அல்ல. சர்க்கரை சேர்த்துக் கெட்டியாக்கி, கொழுப்பு பிரியாதபடி பக்குவம் செய்து டின்னில் அடைத்த தேங்காய்க் கிரீம் அது. அதை வாங்கி மறுபடி செய்தேன். துணுக்கு இல்லை, வழவழப்பு இருந்தது. ஆனால் அது பாயசத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிற பானம். நெய்ச் சோற்றுக்குப் பிறகு இந்தக் குவளையை யாரும் பாதிக்கு மேல் காலி செய்யமாட்டார்கள். பிளெண்டர் ஒவ்வொரு சுற்றுக்கும் இரைய வேண்டும், வரவேற்பறையில் பேச்சு நின்றுபோகும். சாப்பாடு இல்லாத ஒரு ஞாயிறு மாலையில் நான்கு பேருக்குச் செய்வதானால் இதை மனமாரப் பரிந்துரைப்பேன். விருந்துக்கு வேண்டாம்.

மாம்பழ டைக்கிரி அதற்கு நேர் எதிர். டைக்கிரி என்பது கியூபாவில் சந்தியாகோ நகருக்குப் பக்கத்தில் உள்ள ஊரின் பெயர். வெள்ளை ரம், எலுமிச்சை, சர்க்கரை என்ற மூன்றே பொருள். அதில் பழுத்த மாம்பழக் கூழைச் சேர்த்தால் பழ டைக்கிரி. பெர்லிஸின் ஹாருமானிஸ் மாம்பழம் கிடைக்கிற ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் செய்தால் வீடே மணக்கும். இப்போது அந்தப் பருவம் இல்லை. இறக்குமதிப் பழத்தில் செய்தது நிறத்தில் குறையில்லாமல் வந்தது, மணத்தில் வரவில்லை. இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. கூழின் கெட்டியும் குளிர்ச்சியும் சேர்ந்து 60 மில்லி ரம்மை முழுதாக மறைத்துவிடுகின்றன. பழக்கூழ் குடிக்கிற வேகத்தில் குடித்துவிடுவார்கள். வழக்கமாகக் குடிக்காதவர்கள் நடுவே வைக்க இது ஏற்ற பானம் அல்ல. பருவத்தில், அளவு தெரிந்த இருவருக்கு, சரி.

மூன்றாவது ஜங்கிள் பேர்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் இது நம் ஊர்ப் பிள்ளை. 1973இல் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் இருந்த கோலாலம்பூர் ஹில்டன் ஹோட்டலில், ஏவியரி என்ற பாரில், விருந்தினருக்கு வரவேற்புப் பானமாக இது பிறந்தது. உருவாக்கியவர் என்று அங்கே பணியாற்றிய ஜெஃப்ரி ஓங்கைச் சொல்கிறார்கள். 1989இல் அமெரிக்காவில் வந்த ஒரு கையேட்டில் செய்முறை அச்சாகி, பின்னர் நியூயார்க் பார்களால் கொண்டாடப்பட்டு உலகம் சுற்றியது. அந்த ஹோட்டல் கேஎல் சென்ட்ரலுக்கு இடம் மாறிவிட்டது. நம் வீடுகளிலோ இந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரிவதில்லை. பானம் பிறந்த இடத்துக்கும் என் வீட்டுக்கும் காரில் கால் மணி நேரம்கூட இல்லை. 45 வயதுவரை எனக்கும் தெரியாமல் இருந்தது என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

கறுப்பு ரம், அன்னாசிச் சாறு, எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, இவற்றோடு கம்பாரி. கம்பாரி என்பது இத்தாலியச் சிவப்பு மது, நல்ல கசப்பு. அச்சான பழைய செய்முறையில் அன்னாசிச் சாறு சுமார் 120 மில்லி. இன்றைய பார்கள் அதை 45 மில்லியாகச் சுருக்கிவிட்டன. முன்னது வெயிலுக்கு நல்லது, ஆனால் கொஞ்சம் நீர்த்த சுவை. பின்னது கடுமை. பல அளவுகளில் செய்து பார்த்து நான் நின்ற இடம் இது: ரம் 45 மில்லி, கம்பாரி 20, அன்னாசி 60, எலுமிச்சை 15, பாகு 10. அளவுக் குவளை இல்லாவிட்டால் மேசைக்கரண்டி போதும், ஒரு கரண்டி 15 மில்லி. கூடவே இரண்டு விரல் நுனி உப்பு. அன்னாசியை உப்புத் தண்ணீரில் போட்டெடுத்துச் சாப்பிடும் நம் வழக்கத்துக்கு இங்கேயும் வேலை இருக்கிறது. உப்பு கசப்பின் முனையை மழுக்கி இனிப்பை முன்னுக்குக் கொண்டுவரும்.

குலுக்குவதற்குத் தனிப் பாத்திரம் தேவையில்லை. வாய் அகன்ற, மூடி இறுக்கமான எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டில் போதும். பனிக்கட்டியை முக்கால்வாசி நிரப்பி 12 எண்ணும்வரை பலமாகக் குலுக்கினேன். பாட்டிலின் வெளிப்புறம் வெண்மையாகப் பூத்தது, விரல் ஒட்டிக்கொண்டது. வடிகட்டி ஊற்றியபோது செம்மண்ணுக்கும் காவிக்கும் இடைப்பட்ட நிறம், மேலே விரலளவு நுரை. அந்த நுரை புதிதாகப் பிழிந்த அன்னாசியின் கொடை, டின் சாற்றில் இந்த அளவுக்கு வருவதில்லை. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்னங்க, இது நம் வருடப்பிறப்புப் பச்சடி" என்றாள்.

அவள் சொன்னது அப்படியே உண்மை. மாங்காயின் புளிப்பு, வெல்லத்தின் இனிப்பு, வேப்பம்பூவின் கசப்பு, ஒரு சிட்டிகை உப்பு. சித்திரை முதல் நாளில் அம்மா உள்ளங்கையில் வைத்துக் கொடுத்த பச்சடியின் கட்டுமானம்தான் இந்தக் குவளையிலும். பாகற்காயையும் சுண்டைக்காயையும் விரும்பிச் சாப்பிடுகிற நாக்குக்குக் கம்பாரி அந்நியம் அல்ல. "கசப்பாக இருக்குமே, நம் ஆட்களுக்குப் பிடிக்குமா?" என்று தயங்குகிறவர்களுக்கு என் பதில் இதுதான். நமக்குத்தான் பிடிக்கும்.

குறைகளும் உண்டு. கம்பாரி ஒரு தனிச் செலவு. 700 மில்லி பாட்டிலில் 35 குவளை வரும், திறந்து வைத்தாலும் எளிதில் கெடாது. ஆகவே அடிக்கடி செய்பவர்களுக்கு நட்டமில்லை, ஒரே ஒரு இரவுக்கென்றால் கையைக் கடிக்கும். இரண்டாவது குறை பெரியது. ஒவ்வொரு முறையும் இரண்டு குவளைக்கு மேல் குலுக்க முடியாது. 7 பேருக்கு இரண்டு சுற்று என்றால், வீட்டுக்காரன் விருந்து முழுவதும் சமையலறையிலேயே நிற்க வேண்டும். மூன்றாவது, கம்பாரியை எடுத்துவிட்டால் பானமே இல்லை. குடிக்காதவர்களுக்கு இதன் வழியில் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது.

அன்னாசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், இரண்டு பானங்கள் அதை நம்பி இருக்கின்றன. சௌகிட் சந்தையில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரத் தம்பி முதலில் கேட்பது, "அண்ணே, இன்றைக்கா நாளைக்கா?" என்றுதான். பழுக்கும் நாளைப் பார்த்துக் கொடுப்பார். மோரிஸ் வகை புளிப்பும் நாரும் மிகுந்தது, பச்சடிக்கும் பஜெரி என்ற மலாய்க் குழம்புக்கும் நல்லது, சாற்றுக்குச் சற்று முரடு. எம்டி2 இனிப்பு, ஆனால் வெறும் இனிப்பு. நம் மார்டி ஆராய்ச்சி நிலையம் 1996இல் வெளியிட்ட ஜோசப்பின்தான் என் தேர்வு. சிறிய பழம், பழுத்தால் செம்மஞ்சள் தோல், இனிப்போடு புளிப்பும் மணமும் சேர்ந்தே இருக்கும். ஒரு பழத்தில் எனக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சாறு கிடைத்தது. நடுத் தண்டையும் சேர்த்து அரைத்து, வெள்ளைத் துணியில் பிழியுங்கள்.

நான்காவது பஞ்ச். வடமொழிப் 'பஞ்ச'த்திலிருந்து, அதாவது ஐந்து பொருள் என்பதிலிருந்து வந்த பெயர் என்று பலரும் கொள்கிறார்கள். மது, புளிப்பு, இனிப்பு, நீர் அல்லது தேநீர், வாசனைப் பொருள். 17ஆம் நூற்றாண்டிலேயே இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் குடித்த பானம் இது. மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் ரம்மைப் பிடித்துக்கொண்டது. அங்கே இதன் புகழ்பெற்ற வடிவத்துக்குப் பிளாண்டர்ஸ் பஞ்ச் என்று பெயர். நம் தோட்டத்து மொழியில் சொன்னால் துரை பஞ்ச். அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. ரப்பர் வருவதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டில், பினாங்குக்கு எதிர்க்கரையில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் வெட்டுக்கத்தி பிடித்தவர்கள் தமிழர்கள். கரும்பின் கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. துரைக்கு மட்டும் உரியதாக அதை விட எனக்கு மனமில்லை.

புளிப்பு ஒன்று, இனிப்பு இரண்டு, ரம் மூன்று, நீர் நான்கு என்பது பஞ்சுக்குச் சொல்லப்படும் பழைய கணக்கு. இது நம் விருந்துக்குப் பொருந்தாது. இனிப்பு திகட்டுகிறது, ரம் மிகுதி. நான் செய்தது வேறு கணக்கு. ஒரு குவளைக்கு அன்னாசிச் சாறு 60 மில்லி, ஆறவைத்த கேமரன் மலைத் தேநீர் 60, எலுமிச்சை 20, மலாக்கா வெல்லப் பாகு 20. ரம் சேர்ப்பதானால் 45. மேலே ஜாதிக்காயைத் துருவித் தூவ வேண்டும், பினாங்கு ஜாதிக்காய் கிடைத்தால் நல்லது. தேநீரின் துவர்ப்பு அன்னாசியின் இனிப்பைக் கட்டிப்போடுகிறது. கம்பாரி செய்த வேலையை இங்கே தேநீர் பாதியளவு செய்துவிடுகிறது. பாகுக்கு, மலாக்கா வெல்லம் 200 கிராமை அதே அளவு தண்ணீரில், பாண்டான் இலை ஒன்றை முடிச்சிட்டுப் போட்டுக் காய்ச்சி வடிகட்டினேன். வெல்லத்தின் புகை மணமும் கறுப்பு ரம்மின் மணமும் ஒன்றோடொன்று உறவாடுவதைச் சுவைத்தால்தான் தெரியும். சீனிப் பாகில் இது வரவே வராது.

எலுமிச்சையில் இங்கே ஒரு சிறு தேர்வு உண்டு. லிமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சையின் மணத்துக்கு ஈடில்லை. ஆனால் ஒரு காயில் ஒரு தேக்கரண்டிச் சாறுதான், விதையோ ஏராளம். 12 பேருக்கு இரண்டு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 100 காய்களைப் பிழிய வேண்டியிருக்கும். ஆகவே சாற்றுக்குச் சாதாரண எலுமிச்சை. கஸ்தூரியை இரண்டாக வெட்டி, குவளைக்கு ஒன்றாகப் பிழிந்து அதிலேயே போட்டுவிடுவேன். எதைப் பிழிந்தாலும் அன்றைக்கே பிழிய வேண்டும். முதல் நாள் பிழிந்துவைத்த சாறு கசந்து மணமிழந்துபோகிறது.

சுவையில் மட்டும் பார்த்தால் எனக்கு ஜங்கிள் பேர்ட்தான் முதலிடம், இதில் ஐயமே இல்லை. இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து பேசும் இரவுக்கு வேறெதையும் செய்யமாட்டேன். ஆனால் சனிக்கிழமைக்குப் பஞ்ச் என்று முடிவு செய்துவிட்டேன். சாறும் தேநீரும் எலுமிச்சையும் பாகும் சேர்ந்த கலவையே ரம் இல்லாமல் முழுமையான பானமாக நிற்கிறது என்பதுதான் காரணம். ரம்மை ஜாடியில் ஊற்றப்போவதில்லை. கேட்பவரின் குவளையில் மட்டும், மூன்று மேசைக்கரண்டி. முஸ்லிம் நண்பர்களுக்கும் மாமியாருக்கும் தனி ஜாடி, தனிக் கரண்டி, புதிய குவளைகள், அறையின் மறுபக்கத்துத் தனி மேசை. ரம் பாட்டில் அந்தப் பக்கம் போகாது. வீட்டுக்கு வந்தவர் ஒரு வாய் குடிக்கும்முன் யோசிக்க வேண்டிய நிலை வந்தால், அது விருந்தே இல்லை என்று நினைப்பவன் நான்.

அளவுக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். 40 விழுக்காட்டு ரம் 45 மில்லியில் தூய ஆல்கஹால் சுமார் 14 கிராம். ஜங்கிள் பேர்டில் கம்பாரியும் சேர்ந்து 18 கிராம் வரை போகும், 60 மில்லி ஊற்றிய டைக்கிரியில் 19. பஞ்ச் குவளை பெரியது, மெதுவாகத்தான் இறங்கும். 7 பேருக்கு இரண்டு சுற்று என்றால் 630 மில்லி, ஒரே பாட்டில் போதும். இரண்டாவது பாட்டில் வீட்டில் இருக்காது. 2020இல் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி, ஓட்டுநரின் இரத்தத்தில் ஆல்கஹால் வரம்பை 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைத்திருக்கிறார்கள். என் வீட்டு வரம்பு அதைவிடக் கடுமை: கார்ச் சாவி கையில் இருப்பவருக்கு ரம் இல்லாத ஜாடி. மச்சானின் மூத்த மகனுக்கு 20 வயதுதான், சட்டப்படி 21 ஆக வேண்டும். அவனும் அந்த ஜாடிப் பக்கம்.

பாகை வியாழன் இரவே காய்ச்சிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். தேநீர் வெள்ளி இரவு, அதிக நேரம் ஊறவிடாமல் நான்கு நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். அன்னாசியும் எலுமிச்சையும் சனி பிற்பகல். ரம் உள்ளதும் இல்லாததுமாக 12 பேருக்கு இரண்டு சுற்றுக்குச் சாறு ஒன்றரை லிட்டர் வேண்டும், நான்கு ஜோசப்பின். சௌகிட் தம்பியிடம் "சனிக்கிழமைக்கு" என்று சொல்லிவைத்திருக்கிறேன். பனிக்கட்டி மட்டும் கடைசி நேரத்தில், இரண்டு பை.

கம்பாரி பாட்டிலில் இன்னும் முக்கால் பங்கு இருக்கிறது. விருந்தினர் எல்லோரும் போன பிறகு மச்சான் எங்கள் வீட்டிலேயே தங்குவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தருவதற்கென்று ஒரு குவளைக்கான அன்னாசிச் சாற்றை மட்டும் தனியே எடுத்து மூடிவைப்பேன்.